நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பக்கத்து அபார்ட்மெண்ட் ஒன்றில் சமையல் வேலை செய்கிறேன். அந்த வீட்டு மேடம் தங்கமானவர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அவரும் எங்கள் காலனி சர்ச்சும் பால்வாடி டீச்சரும் சேர்ந்து, சத்தான சாப்பாடு பற்றிச் சனிக்கிழமைதோறும் வகுப்பு ஆரம்பித்தார்கள். ஹால் சர்ச்சுடையது, பிள்ளைகளை எடை போடுவது டீச்சர், பாடம் எடுப்பது மேடம். என் மகளுக்கு ஏழு வயசு, எடை குறைவு. நீங்கள் கட்டாயம் வந்தாக வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

முளைகட்டிய பயறு உடம்புக்கு நல்லது என்று மேடம் சொல்லும்போது, அதே பயறை அவர் பிள்ளைகள் தட்டோடு தள்ளிவிடுவது எனக்கு ஞாபகம் வரும். வாயைத் திறப்பேனா? எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தச் சம்பளத்தில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மேடம் வீட்டில் பிறந்தநாள். மிச்சமான பீட்சாவையும் கேக்கையும் கட்டிக் கொடுத்தார். பாத்திரமெல்லாம் கழுவிப் போட்டுவிட்டுக் களைத்து வந்தவள், அதையே சுடவைத்து மகளுக்குக் கொடுத்தேன். குஷியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் வகுப்பில் மேடம் மைதாவைத் திட்டு திட்டென்று திட்டினார். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீ சொல்லு பாப்பா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?"

"பீட்சா ஆண்ட்டி. உங்க ஊட்ல குட்த்தீங்களே, அது. கேக்கும் துன்னேன்."

பின்வரிசையில் ஒருத்தி, "மேடம் ஊட்டு பீட்சான்னா அதுல நெறைய சத்து கீது போல!" என்றாள். ஹாலே சிரித்தது. மேடம் முகத்தில் ஈயாடவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"ஐயோ, பொய் சொல்லுது மேடம்! டிவில பாத்துட்டு உளறுது. நேத்து கீரதான் ஆக்கினேன்" என்று எழுந்தேன். எழுந்ததோடு விட்டேனா, மகள் தொடையில் ஒரு கிள்ளும் கிள்ளினேன்.

"நான் பொய் சொல்லலம்மா..."

"வாய மூடுடி!"

"நான்தான் கொடுத்தேன்" என்று மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "விடுங்கக்கா, குழந்தைங்கன்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பெற்றவள் அவரா? அத்தனை பேர் நடுவில் உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது நான். வகுப்பு முடியும்வரை தலையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவு வெட்கம்.

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடிக்கவில்லை. தெருமுனையில் நின்று கேட்டாள்.

"நீதானம்மா பொய் சொன்னே?"

"ஆமாண்டி! வேல போய்ட்டா யாருடி சோறு போடுவா?" என்று கத்தினேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரத்திலும் எனக்கு இந்தப் பாழாய்ப்போன கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அடுத்த வாரம் இன்னா சொல்லணும்?"

"கீரன்னு சொல்லித் தொல."

அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் ஒரு டப்பா ஃபிரைட் ரைஸ் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாங்கும்போது நானும் அவரைப் பார்க்கவில்லை. மகள் ராத்திரி அதைத்தான் சாப்பிட்டாள்.

மறுநாள் ஹாலில் அவள் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கீரக் கூட்டு, முட்ட, கேவுரு அட, ஆண்ட்டி."

"சூப்பர்! எல்லாரும் பாப்பாவுக்குக் கை தட்டுங்க" என்றார் மேடம். டீச்சர் தட்டினார். போன வாரம் கிண்டல் செய்தவளும் தட்டினாள். மகள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. சரியாகச் சொன்னேனா என்று என்னைத்தான் பார்த்தாள். நானும் தட்டினேன்.