இங்கிலீஷ் மட்டும் பேசிய வீடு

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு குழந்தையின் தலைக்குள் ஒரே ஒரு பாஷைக்குத்தான் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்பினேன். போர்வெல் வண்டியில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். போட்ட குழியில், மண் சரியாமல் காக்க இறக்கும் கேசிங் பைப் ஒன்றுதான் நிற்கும். வேறு பைப் இறக்க வேண்டுமென்றால் இருப்பதை உருவ வேண்டும். மண்டையும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். மகளின் தலையிலிருந்து தமிழை உருவிவிட்டால் அந்த இடத்தில் இங்கிலீஷ் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இந்த விஞ்ஞானத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது. பரிசு ஏதும் தராமல் விட்டார்களே என்று அப்போது வருத்தப்படக்கூட நேரமில்லை. அவ்வளவு பயத்தில் இருந்தேன்.

திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர் போடும் ரிக் வண்டிகள் தான்சானியாவில் ஓடின. அவற்றுக்கு மேனேஜராக நான் போனேன். குடும்பத்தையும் கூட்டிப் போகலாம், பிள்ளையின் படிப்பைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அப்படித்தான் எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் விவசாயக் காட்டில் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்த என் ஏழு வயது மகள், நாடு விட்டு நாடு வந்து பிழைக்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் ஒரு சர்வதேசப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் எங்கள் நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம். விடிவதற்குள் எழுப்பிப் படிக்க உட்கார வைப்பார்கள், வாரம் ஒரு பரீட்சை, மாதம் ஒரு ரேங்க். இங்கே பரீட்சை இல்லை, ரேங்க் இல்லை, பெஞ்சுகூட ஒழுங்காக இல்லை. பிள்ளைகள் வட்டமாகப் பாயில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்தார்கள். முதல் நாள் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம், “இது பள்ளிக்கூடமா, கல்யாண ஊடா?” என்று கேட்டேன்.

டீச்சரைப் பார்த்ததும் இன்னொரு ஏமாற்றம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்வதேசப் பள்ளி என்றால் வெள்ளைக்கார டீச்சர் வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் அந்த நாட்டுக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு, தலையில் பூப்போட்ட துணிக்கட்டு, மெதுவான பேச்சு. எவ்வளவு மெதுவென்றால், அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் அடுத்த பயத்துக்குப் போயிருப்பேன். நானே கறுப்பு, நான் அந்த நாட்டுக்குப் பிழைக்கப் போனவன். அப்படியிருந்தும் என் மனசு எதிர்பார்த்தது அதை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தப் பள்ளியில் என் மகள் வாயைத் திறக்கவே இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். சொன்னதையெல்லாம் செய்தாள், படம் வரைந்தாள், தலையாட்டினாள். பேச்சு மட்டும் இல்லை. “அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவசரப்படாதீர்கள்” என்றார் டீச்சரம்மா. அவசரப்படாமல் இருக்க நான் என்ன அவரா? அன்று மாலையே வீட்டில் சட்டம் போட்டேன்: இனிமேல் இங்கிலீஷ் மட்டும்.

இந்த நேரத்தில் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஏதோ காகிதம் சிக்கிக்கொண்டது. அது சரியாகும்வரை ஊரில் இருங்கள் என்று எங்கள் மூவரையும் எருமப்பட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை கம்ப்யூட்டர் வழியாகவே வகுப்பில் சேர்ந்துகொள்ளட்டும் என்றது பள்ளி. தினமும் காலை பத்தரை மணிக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டு தேசத்துப் பிள்ளைகளின் முகம் வரும். அவற்றுக்கு நடுவே என் மகள் முகம், மைக்கை அடைத்துக்கொண்டு.

ஊருக்கு வந்தாலும் நான் சட்டத்தைத் தளர்த்தவில்லை. சுற்றிலும் நூறு பேர் தமிழ் பேசும் இடத்தில் ஒரு குழந்தையை மட்டும் இங்கிலீஷில் நனைத்து எடுப்பது லேசான வேலையா? என் மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். “பாப்பா, யூ ஈட் தோசை. நோ ஈட், ஐ அடி” என்பாள். நான் ரிக் வண்டி இங்கிலீஷ்காரன். மெதுவாகச் சொன்னால் புரியும்; பேச என்றால் கம்ப்ரசர், பிரஷர், ஃபீட் தாண்டி எனக்கும் வராது. “டாட்டர், ஸ்லீப் ஃபுல் பிரஷர்” என்று ஒருநாள் சொன்னதாக மனைவி இன்றைக்கும் சாதிக்கிறாள். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே, “கம் பாப்பா, கம். ஐ மாமா. திஸ் முறுக்கு” என்பார். அத்தோடு அவர் சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே முறுக்குத் தின்பார்கள். பால் ஊற்ற வரும் அக்கா வாசலிலேயே நின்று, “ஏனுங்க, உங்க பாப்பாகிட்ட தமிழ் பேசுனா கேசு போட்டுருவீங்களாமா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த நாளிலிருந்து குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இங்கிலீஷ் வரவில்லை. தமிழ் போனது. அதை நான் கவனிக்கவே இல்லை. கேட்டதற்குத் தலையாட்டல், வேண்டியதற்குக் கைநீட்டல். ஒருநாள் மத்தியானம் மனைவி சட்டத்தை மீறித் தமிழிலேயே கத்தினாள். “இந்த ஊட்டுக்குள்ள அவ சத்தங் கேட்டு எத்தன நாளாச்சு, நெனச்சுப் பாத்தீங்களா? பள்ளிக்கூடத்துலதான் பேசுல. இப்ப ஊட்டுலயும் பேசறதில்லீங்க.”

என் பயம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. மச்சானைக் கூப்பிட்டேன். அவர் நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் ஆளைப் பிடித்து இடம் சொல்லி வைத்தார். “திங்கக்கெழமைக்குள்ள சொல்லோணுமாம் மாப்ள. அங்க உட்டா ஊமையும் இங்கிலீசு பேசீருமுங்க” என்றார். உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. “எம்புள்ளயவா ஊமைங்கற? உன்னயத் தூக்கி ஹாஸ்டல்ல போடச் சொல்லறன் இரு” என்று அண்ணனுக்குச் சரமாரியாக விழுந்தது. ஆனாலும் நான் முடிவை மாற்றவில்லை. விசா வந்ததும் நாங்கள் இருவரும் கிளம்புவது, குழந்தை நாமக்கல்லில் தங்குவது. அவள் அதைக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் ஒன்றுமே சொல்வதில்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வாரம் புதன்கிழமை பெற்றோரிடம் பேச வேண்டும் என்று டீச்சரம்மாவிடமிருந்து செய்தி வந்தது. எங்கள் பக்கம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள் என்றால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்று பொருள். போய்க் கைகட்டி நிற்க வேண்டும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று நாமக்கல் போய் ஆப்பிள் வாங்கி வந்து மேஜையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை எப்படிக் கொடுப்பது என்ற யோசனை வாங்கும்போது வரவில்லை. நேரம் வந்ததும் திரைக்கு முன்னால் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். டீச்சரம்மா திரைக்கு அருகே குனிந்தார். “ஐயா, உட்காருங்கள். எனக்கு உங்கள் பெல்ட் மட்டும்தான் தெரிகிறது” என்றார்.

வீட்டில் குழந்தை பேசுகிறாளா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: எங்கள் வீட்டில் தமிழே கிடையாது மேடம், ரொம்ப ஸ்ட்ரிக்ட், ஹாஸ்டலுக்கும் சொல்லி வைத்தாயிற்று. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கே உரிய நிதானத்தில் கேட்டார். “பள்ளியில் பேச அவளுக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. வீட்டில் பேச நீங்கள் விடவில்லை. அப்படியானால் அவள் எங்கேதான் பேசுவாள்?”

நான் ஒரு ஆப்பிளை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் தன்னைப் பற்றிச் சொன்னார். ஆறு வயது வரை அவருக்கு அம்மாவின் கிராமத்துப் பாஷை மட்டும்தானாம். பள்ளியில் சுவாஹிலி வந்தது, அதற்குப் பின் இங்கிலீஷ் வந்தது. ஒன்று உள்ளே வரும்போது இன்னொன்று எழுந்து இடம்கொடுக்கவில்லை; எல்லாம் நெருக்கி உட்கார்ந்துகொண்டன என்றார். என் கேசிங் பைப் அங்கேயே நொறுங்கியது. “அவளுக்கு அவள் பாஷையைத் திருப்பிக் கொடுங்கள். ஹாஸ்டல் முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்” என்றார். கடைசியில் ஒரு வேலையும் தந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பெற்றோர் தங்கள் தொழிலைப் பற்றி வகுப்புக்குச் சொல்வார்கள். இந்த வெள்ளி என் முறை. தமிழிலேயே சொல்ல வேண்டும். ஐயோ, மொழிபெயர்க்க யார் என்றேன். “அதற்கு ஆள் இருக்கிறது” என்றார். எங்கேயோ ஒரு தமிழ் டீச்சரைப் பிடித்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து மகளைத் தேடிப் போனேன். ஆடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் அவள் குரல் கேட்டது. அங்கேயே நின்று கேட்டேன். ஆட்டுக்குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். “இன்னிக்கு மிஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? செடி வெய்யிலத் திங்குமாமா. உனக்கு அது முடியாது. நீ செடியத்தான் திங்கோணும். புரியுதா சாமி?” வகுப்பில் இங்கிலீஷில் நடந்த பாடம் மொத்தமும் தமிழாகி ஆட்டுக்குட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “என்னய நாமக்கல்லுல உட்டுட்டுப் போறாங்களாமா. உன்னய யார் பாத்துக்குவாங்களோ” என்றாள்.

நான் போய் அவள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சாணித் தரை. “சாமி, சாப்புட்டியா?” என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய தமிழ். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் காட்டிலேயே நிகழ்ச்சி. மச்சான் கேமராக்காரர்; போனைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, வெய்யிலுக்கு முதுகக் காட்டி நிக்காதீங்க, கருகருன்னு வாரீங்க” என்று இயக்கிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் வேப்பமர நிழலில் நின்றார்கள். நான் ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மெல்ல நடந்தேன். எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன் இப்படித்தான் நீரோட்டம் பார்ப்பார்கள். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். ரிக்காரர்கள் நாங்கள் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்போம். ஆனால் எங்கள் சொந்தக் காட்டுக்குப் போர் போடும்போது ஒன்றுக்கு இரண்டு ஆளைக் கூப்பிட்டுப் பார்ப்போம். கை நடுக்கமோ என்னவோ, ஓரிடத்தில் தேங்காய் எழுந்தது. திரையில் பன்னிரண்டு வாயும் பிளந்தன. அந்த வாய்களைப் பார்த்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. “இது எங்க பரம்பரைத் திறமைங்க. இதுவரைக்கும் நான் பாத்துச் சொன்ன ஒரு போர்கூடப் பொய்ச்சதில்லீங்க” என்று அளந்தேன்.

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல் வந்தது. “பொய் சொல்லாதீங்கப்பா! அந்தா மூணு போர் இருக்குதுங்கல்ல? மூணுலயும் புகைதானுங்க பறந்துச்சு!”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் போனை அந்தப் பக்கம் திருப்பினார். குழந்தை சுட்டிக்காட்டிய இடத்தில், தண்ணீர் வராமல் வெறும் தூசி பறந்ததால் கல் வைத்து மூடிய மூன்று குழிகளும் கேமராவில் தெளிவாகத் தெரிந்தன. அந்த வகுப்பு அவள் குரலை முதல்முறையாகக் கேட்கிறது. “அவள் என்ன சொன்னாள்?” என்று டீச்சரம்மா என்னைத்தான் கேட்டார். மொழிபெயர்க்கும் ஆள் எங்கே என்று நான் திரையெல்லாம் தேடினேன். ஒருவரும் இல்லை. வேறு வழியில்லாமல் என் ரிக் வண்டி இங்கிலீஷில், “மை டாட்டர் சே, ஃபாதர் வெரி குட், ஆல் போர் ஃபுல் வாட்டர்” என்றேன்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. ஓடி வந்து மாமன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, முகத்தருகே வைத்துக்கொண்டாள். “நோ மிஸ். ஐ செட் ஹி இஸ் லையிங். த்ரீ ஹோல்ஸ். ஒன்லி டஸ்ட்.”

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஒரு பையன், தூசி எவ்வளவு உயரம் பறந்தது என்று கேட்டான். மரத்துக்கு மேலே என்று அவள் இங்கிலீஷில் சொன்னாள். இன்னொரு பெண், அப்பா அப்போது அழுதாரா என்று கேட்டாள். அதற்கும் பதில் சொன்னாள், உண்மையைத்தான் சொன்னாள். டீச்சரம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து மெல்லத் தலையை மட்டும் அசைத்தார். போனில் சார்ஜ் தீரும்வரை அவள் பேசினாள்.

அன்று மத்தியானமே மச்சான் நாமக்கல்லுக்குப் போன் போட்டு இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் விசா வந்தது. மூன்று பேருமே கிளம்பினோம்.