கை வைக்கக் கூடாத மொடியூல்

மலையகத்தில், அட்டனில் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர் ஒருவரும் ஒரே கணினி வகுப்பில் படிப்பித்தோம். யாரும் திறந்து திருத்தக்கூடிய கணக்கு மென்பொருள் ஒன்று அப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதில் பொருத்துவதற்கு, தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் கணக்குக்கென்று ஆளுக்கொரு மொடியூல், அதாவது துணை நிரல், எழுதினோம்.

அவரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். மாணவர்கள் சந்தேகம் கேட்க அவரிடம்தான் போவார்கள். ஆனால் நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். மழை நாளில் ஈரக் கொழுந்துக்கு நிறையில் கழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்; அந்தக் கழிவை என் மொடியூலில் சேர்த்திருந்தேன். அவருடைய மொடியூலுக்கு மழையே தெரியாது.

வெளியிடும்போது உரிமம் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. யாரும் பாவிக்கலாம், திருத்தலாம், திருத்தியதையும் அப்படியே திறந்து கொடுக்க வேண்டும் என்ற உரிமத்தை அவர் எடுத்தார்.

"நீரும் இதையே போடும் ஐசே. ஆரும் திருத்தினால் நல்லதுதானே?"

"திருத்துறவன் பேர் வாங்கிட்டுப் போவான் சேர். நான் என்ன இளிச்சவாயனா?"

பாவிக்கலாம், ஆனால் என்னைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்று நானே ஓர் உரிமம் எழுதிப் போட்டேன்.

சில மாதங்களில் பூண்டுலோயாவில் யாரோ அவருடையதற்குச் சிங்களம் சேர்த்தார்கள். வலப்பனையில் ஒருவர் அச்சடிக்கும் பகுதியைச் சீர் செய்தார். ஒவ்வொன்றையும் என்னிடம் காட்டிச் சந்தோஷப்படுவார். நான் சிரித்து வைப்பேன், உள்ளே புகையும். மழைக் கழிவு இல்லாததை எந்தத் தோட்டம் பாவிக்கும் என்பது மட்டுமே ஆறுதல்.

ஒரு நாள், "மழைக் கழிவும் வந்திட்டுது ஐசே" என்று திரையை என் பக்கம் திருப்பினார். தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிக்கொள்ளும்படி அழகாகச் செய்திருந்தது. கீழே செய்தவர் பெயர். றொசல்லப் பக்கம் தோட்ட ஆபிசில் கிளார்க்காக இருந்த என் தங்கச்சியின் பெயர். அவளுக்கு நிரல் எழுதப் படிப்பித்ததே நான்தான்.

வீட்டுக்கு வந்தவள்மேல் பாய்ந்தேன்.

"என்னோடதுல கழிவு இருக்கே! அவருக்குப் போயா செஞ்சு குடுப்ப?"

"அது நம்ம தோட்டத்துக் கழிவுண்ணே. நான் வேல செய்ற தோட்டத்துல வேற மாதிரி கழிப்பாங்க. மாத்தித் தாங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? பாப்போம் பாப்போம்னீங்க."

"நீயே மாத்தியிருக்கலாமே?"

"கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?"

அவருடையதைத் திறந்தால் இன்றும் அவள் பெயர் வரும். என்னுடையதில் என் பெயர் மட்டும்தான். நான் கேட்டதும் அதைத்தானே.