அப்பாவின் இலையில் மிஞ்சிய சோறு

யுத்த காலத்து ரேஷன் அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் அதன் சாக்கு வாடை போகாது. உலை கொதிக்கத் தொடங்கியதும் அது அடுக்களையிலிருந்து கிளம்பி, திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் வாசல் வரைக்கும் வந்து நிற்கும். ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா சாயங்காலம் படியேறும்போதே முகத்தைச் சுளிப்பார்.

எங்கள் பூர்வீகம் நாஞ்சில் நாடு. வயலும் நெல்லுமாக வாழ்ந்த குடும்பம், நாக்கு ருசி கண்டவர்கள். தீயல் குழம்புக்கு வறுத்த தேங்காய் ஒரு நிறம் கூடினால் அப்பா “கருக்கிட்டா” என்பார். அவியலில் காய் கொஞ்சம் குழைந்தால் “கூழு” என்பார். அடுத்த தெருவிலிருந்து ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வரும் அவருடைய சிநேகிதர் கோவிந்தப் பிள்ளை சாருக்குப் பெருங்காய வாடை ஆகாது. அவருக்கென்று தனியாக ஒரு சட்டியில் சாம்பார் கொதிக்கும். பத்து வயதான நான் பாகற்காயைக் கண்டால் எழுந்து ஓடுவேன். இத்தனை பேருடைய நாக்குக்கும் அம்மா ஒருத்திதான் ஆக்கிப் போட்டாள். அப்பா குறை சொல்லுவார், அவள் மறுநாள் திருத்துவாள். எங்கள் முன்னால் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கார்டுக்குக் கிடைத்த அரிசி வாரம் முழுக்கப் போதாமல் போனபோது ஊரே மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குக்கு மாறியது. அம்மாவும் ஒருநாள் வாங்கி அவித்தாள். முதல் வாயை விழுங்கியதும் கொல்லைப் பக்கம் ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தம்பி அப்போது ஐந்து மாதக் கைக்குழந்தை, தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் குடிக்காதவன். அப்பா கிழங்குச் சட்டியைத் தள்ளி வைத்து, “இது இனி இங்க வேண்டாம். எனக்குப் பிடிக்காது” என்றார். தனக்குப் பிடிக்காது என்பதற்காக வீட்டையே பட்டினி போடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு அவருடைய குறைகள் கூடிப்போயின. உப்புக் கூடுதல், புளி மட்டம், சோறு விறைத்துவிட்டது என்று தினம் ஒன்றைச் சொல்லி, பாதிச் சோற்றை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். கணவன் சாப்பிட்ட இலையிலேயே மனைவி சாப்பிடுவது அன்றைய வழக்கம். அம்மா தலையைக் குனிந்தபடி வந்து அந்த இலைமுன் உட்காருவாள்.

ஒரு சாயங்காலம் கறிவேப்பிலை பறித்து வரச் சொல்லி அம்மா என்னைக் கோவிந்தப் பிள்ளை சார் வீட்டுக்கு அனுப்பினாள். அவர்கள் வீட்டுப் பின்வாசலில், பலகையில் சம்மணமிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆவி பறக்கும் மரச்சீனி, பக்கத்தில் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல். அவர் வேகவேகமாகத் தின்றுகொண்டிருந்தார். நான் கறிவேப்பிலை இல்லாமலே திரும்பி, மரம் மொட்டையாக இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

எட்டு நாள் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒன்பதாம் நாள் தம்பி பால் போதாமல் வீரிட்டு அழுதுகொண்டிருந்தான். அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அப்பா ஒரு கவளத்தை வாயில் வைத்துவிட்டு, குழம்பில் புளி தூக்கல் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன்.

“அப்பா பிள்ளை சார் வீட்டுல மரச்சீனி தின்னு வயித்த நெறைச்சுட்டு வாறாவ. அதான் நம்ம சோத்தக் கொறை சொல்லுதாவ.”

அப்பாவின் கை இலையில் நின்றுவிட்டது. அவர் இலையை விட்டு எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா அந்த இலையில் உட்காரவில்லை. அரிசிக்கு ஊரே அலைந்த அந்த நாளில், எங்கள் வீட்டுச் சோறு இலையிலேயே காய்ந்து எறும்பு மொய்த்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

“உனக்கு வெளங்கல்ல மக்கா,” என்றாள். “கெழங்கு எனக்கு எறங்காதுன்னு அவியளுக்குத் தெரியும். போரும்னு சொன்னா நான் இன்னும் ரெண்டு அகப்பை வைப்பேன். கொறை சொல்லிட்டு எந்திரிச்சாத்தான் எனக்கு மிஞ்சும்.”

உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டேன். அவர் வந்து உட்காரும்போதே கையில் காந்தாரி மணக்கும் என்றாள். “தெரியாத மாதிரி இருந்தாத்தான் நான் திங்க முடியும். தெரிஞ்சுக்கிட்டே அவிய பங்க எப்பிடித் திங்கது?”

மறுநாள் முதல் அப்பாவுக்கு முழுச் சோற்றையும் வைத்துவிட்டு அவள் மரச்சீனியைத் தின்றாள். தின்றதைக் கொல்லையில் போய்க் கக்கினாள். மூன்று நாளில் தம்பியின் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகத் தேய்ந்துவிட்டது. அவன் செத்துப்போனால் நான்தான் காரணம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து தலையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கோவிந்தப் பிள்ளை சார் வந்தார். இருவருக்கும் இலை போட்டு அம்மா பரிமாறினாள். சாப்பிடத் தொடங்குமுன் அப்பா தாமே எழுந்துபோய் இன்னொரு இலையைக் கொண்டுவந்து விரித்தார். தம் கை படாத சோற்றில் பெரும்பாதியை அகப்பையால் அள்ளி அதில் வைத்தார். பிறகு, “நீயும் இப்ப உக்காரு. எனக்குக் கெழங்கு போரும்,” என்றார். வெளி ஆள் முன்னால் ஒரு குமாஸ்தா பெண்டாட்டிக்குப் பரிமாறியதை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. பிள்ளை சார் குனிந்து தம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போது மறுத்துப் பேச முடியாமல் அம்மா அடுக்களைக் கதவோரம் உட்கார்ந்து, கண்ணீர் சொட்டச் சொட்ட அந்தச் சோற்றைத் தின்றாள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

இன்று எந்த வீட்டிலும் பெண்கள் அடுத்தவர் எச்சில் இலையில் உட்காருவதில்லை. அந்த வழக்கம் தொலைந்தது நல்லதுதான். கரமனை வீடும் இடிபட்டு அங்கே கடைகள் வந்துவிட்டன. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, யுத்தம் முடிந்து நல்ல அரிசி வந்த பிறகும், அப்பா சாப்பாட்டில் ஒரு குறையும் சொன்னதில்லை. என்ன சொன்னாலும் நடிப்பென்று வீட்டில் நினைத்துவிடுவார்கள் என்ற கூச்சம் அவருக்கு. அம்மா சில நாள் வேண்டுமென்றே குழம்பில் உப்புப் போடாமல் வைப்பாள். அப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டு, இலையை மடித்து எழுந்து போவார். அவள் கதவோரம் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள்.