புற்றுக்குப் போன பால்

வெள்ளிக்கிழமை காலையில் வரப்பின்மேல் ஒரு வெள்ளிச் செம்பு வரும். சமையற்காரர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வருவார். பின்னால் மிராசுதார், செருப்பில்லாமல், ஈரத்தலையோடு, நெற்றியில் விபூதி காயக் காய நடந்து வருவார். வடக்கு மேட்டில் நொச்சிப் புதருக்கு அருகே இடுப்புயரப் புற்று ஒன்று இருந்தது. செம்புப் பாலை அதில் ஊற்றி முடிக்கும்வரை வயலில் இருக்கும் ஆணும் பெண்ணும் வேலையை நிறுத்தித் தலைகுனிந்து நிற்க வேண்டும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நாற்று நடப் போகும் நானும் அப்படி நின்றிருக்கிறேன். குனிந்த தலையைக் கொஞ்சம் சாய்த்து, பால் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்ப்பேன். பிள்ளை பெற்றவளிடம் சுரப்பதைத் தவிர எங்கள் தெருவில் அன்று வேறு பால் கிடையாது.

மிராசுதாருக்கு ஞானி என்று பெயர். மாயவரத்திலிருந்து வக்கீல்களும் டாக்டர்களும் காரில் வந்து அவர் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார்கள். வாய்க்கால் கரை அரசமரத்தில் தன் தகப்பனாரின் உயிர் குடியிருக்கிறது என்பார். ஒரு புயலில் அதன் கிளை முறிந்தபோது அவர் அழுததை நானே பார்த்தேன். பொய்யழுகை இல்லை, தோள் குலுங்க அழுதார். அதே புயலில் எங்கள் தெருவில் பதினோரு கூரைகள் பறந்தன. அதற்கு அழவில்லை, அது காற்றின் தர்மமாம். புற்றிலிருந்த நல்ல பாம்பு அவருடைய கொள்ளுத்தாத்தா. நிலத்தின்மேல் வைத்த ஆசை விடாமல் பாம்பாகப் பிறந்து வயலைக் காவல் காக்கிறாராம். ஆகவே அவர் நிலத்தில் யாரும் பாம்பை அடிக்கக் கூடாது. அடித்தவனுக்கு அன்றோடு வேலை போயிற்று. “எல்லாத்துலயும் உசிரு இருக்குடா. புல்லுல இருக்கு, பூச்சியில இருக்கு, தண்ணியில இருக்கு” என்று வரப்பில் நின்று சொல்லிக்கொண்டே போவார். அந்தப் பட்டியல் ஒருநாளும் எங்கள்வரை வந்து சேர்ந்ததில்லை.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கியவர்கள் கோட்டைக்குப் போயிருந்தார்கள். அவர்களில் யாராவது எங்கள் பக்கம் வந்தால் மிராசுதார் வீட்டில்தான் சாப்பாடு. இலையில் நெய் விழுந்ததால் பகுத்தறிவுக்குக் கேடு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. எங்கள் தெருவுக்குள் விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்ததும் அப்போதுதான். அறுவடைக் கூலியில் கலத்துக்கு, அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, அரை மரக்கால் நெல் கூடக் கேட்டார்கள். பக்கத்து ஊர்களில் இப்படிக் கேட்டவர்களுக்கு அடி விழுந்தது, வெளியூர் ஆட்கள் இறக்கப்பட்டார்கள். எங்கள் மிராசுதாரோ எல்லாரையும் அரசமரத்தடிக்கு வரச் சொல்லி உபதேசம் செய்தார்.

“கஷ்டம் வெளியிலேர்ந்து வர்றதில்லடா. போன ஜென்மத்துல வெதச்சத இப்ப அறுக்குறீங்க. பொறந்தவன் யாரும் இதுலேர்ந்து தப்ப முடியாது. மொணங்காம அனுபவிச்சுத் தீத்துட்டா அடுத்த பொறப்பு நல்ல பொறப்பு.”

அப்பா பின்வரிசையில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் சொன்னார்: “போன ஜென்மத்துல நாம வெதச்ச நெல்லும் அவரு களத்துக்குத்தான் போயிருக்கும் போல.” அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தத் தை மாதம் சம்பா அறுவடை. விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு படித்த நான் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து நெற்கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நேர் எதிரே, சாய்ந்த கதிருக்குள்ளிருந்து பாம்பு படமெடுத்து எழுந்தது. நான் பார்க்க, அப்பா அரிவாளை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அடித்தால் வேலை போகும். வேலை போனால் என் படிப்பு என்னாகும் என்றெல்லாம் நினைத்தாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. கை நின்றதை மட்டும் பார்த்தேன். பிறகு அரிவாளை மெல்ல இறக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்த கால் நெற்கட்டில் தடுக்கியது. கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டுப் பாம்பு வரப்பு வளைக்குள் போய்விட்டது.

நெல் அளப்பதைப் பார்க்க வந்த மிராசுதாரின் கார் சாலையோரப் புளியமரத்தடியில்தான் நின்றது. அம்மா ஓடிப்போய் அவர் எதிரில் விழுந்தாள். “அய்யா, காருல மாயவரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவச் சொல்லுங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “அது சும்மா தீண்டாதும்மா. ரெண்டு உசிருக்கும் நடுவுல என்னமோ ஜென்மப் பகை. நாம குறுக்க போகக் கூடாது. ஆயுசு இருந்தா மாட்டு வண்டியில போனாலும் பொழைப்பான்.”

கோபமில்லாமல், குரலைத் தாழ்த்தி, கருணையோடு சொன்னார். அந்தக் கருணையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நீங்கள் உட்கார்ந்தால் என் கார் தீட்டாகிவிடும் என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு நேர்மையாவது இருந்திருக்கும்.

மாயவரம் பத்து மைல். வண்டியில் என் மடியில்தான் அப்பாவின் தலை இருந்தது. பாதி வழியில் இமைகள் கனத்து விழுந்தன. பேச்சுக் குழறியது. ரயில்வே கேட்டில் சரக்கு வண்டி ஒன்று ஊர்ந்து போக, மாடுகள் அசைபோட்டுக்கொண்டு நின்றன. ஆஸ்பத்திரியில் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “மருந்து இருந்துச்சேம்மா. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாரக் கூடாதா?” என்றார்.

எட்டாம் நாள் பண்ணையின் காரியக்காரர் ஒரு வெள்ளைப் புடவையோடு வந்தார். தெருவுக்குள் நுழையாமல் முனையிலேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். “ஓங்குன அரிவாள எறக்குனான் பாரு, அந்தப் புண்ணியத்துக்கு அவன் மேலான எடத்துல பொறப்பான்னு அய்யா சொல்லச் சொன்னாங்க.” அம்மா புடவையை வாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரப்பில் செம்பு வந்தபோது அம்மா புற்றின் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றாள். அவர்கள் நெருங்கும்வரை காத்திருந்து, பிறகு வெட்டினாள். இரண்டாவது வெட்டில் புற்றின் தலை சரிந்தது. வயலிலிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறி வந்து நின்றார்கள். அன்று யாருடைய தலையும் குனியவில்லை. அடிவரைக்கும் வெட்டினாள். உள்ளே கரையான் இருந்தது, ஈரமண் இருந்தது, ஊற்றிய பால் புளித்த நாற்றம் இருந்தது. கொள்ளுத்தாத்தா இல்லை.

மிராசுதார் கத்தினார்: “பாவி, ஏழு ஜென்மத்துக்கும் புழுவாத்தான்டி பொறப்ப!”

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “பொறந்துட்டுப் போறேங்கய்யா. இந்த ஜென்மத்துக்கு அது தேவல.”

அந்தப் பண்ணையில் எங்களுக்கு அதன்பிறகு வேலை இல்லை. அம்மா இரண்டு ஊர் தள்ளிப் போய் நட்டாள், அறுத்தாள். குடிசையைக் காலி செய்ய ஆள் அனுப்பினார்கள். தெரு முழுக்கக் கூடி நின்றதில் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பின்னால் குடியிருப்பு மனைக்குப் பட்டா வந்தது. நில உச்சவரம்பும் வந்தது. அப்போது மிராசுதார் தன் வயல்களைப் பல பேர்களுக்குப் பிரித்து எழுதிவைத்தார். அதில் மூன்று பேர் செத்து வெகுகாலம் ஆனவர்கள். இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவர் மெய்யாகவே நம்பினார் என்பதற்கு நான் கண்ட ஒரே சாட்சி அந்தப் பத்திரங்கள்தாம்.

நான் படித்து, பயிற்சி முடித்து, கிராம சுகாதார நர்ஸ் ஆனேன். பல ஊர் சுற்றிவிட்டு எங்கள் பக்கத்துக்கே மாற்றல் கிடைத்தது. தடுப்பூசி, பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் என் பொறுப்பு. மிராசுதாருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்தார்கள். சர்க்கரை நோயில் இடது பாதத்தில் ஆறாத புண். வாரம் இரண்டு முறை போய்க் கட்டு மாற்றுவேன். ஏன் போனாய் என்று என் மகள் கேட்டிருக்கிறாள். புண்ணைக் கண்டால் கை தானாக வேலை செய்யும். அதற்குப் பெயர் மன்னிப்பு இல்லை, சம்பளம் என்றேன்.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “வாடி” என்று சொல்ல முடியாது. “வாங்க” என்று சொல்ல நாக்கு வளையாது. அதனால் ஆளே இல்லாத பேச்சாகப் பேசுவார். “வந்தாச்சா? மருந்து போட்டாச்சா?” தஞ்சாவூர் டாக்டர் சொன்னதை மெட்ராஸ் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார். மாத்திரை கால் மணி நேரம் பிந்தினால் வேலைக்காரியைத் திட்டுவார். ஆயுசு, விதி, ஜென்மப் பகை என்ற சொற்களெல்லாம் அந்த வீட்டைவிட்டே போயிருந்தன. தனக்கு வந்த கஷ்டம் மட்டும் அவருக்கு வெளியிலிருந்து வந்திருந்தது.

ஒருநாள் பிற்பகல், கட்டுக்கு முடிச்சுப் போடும் நேரத்தில் மெல்லக் கேட்டார்: “ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“பயமா இருக்கு.”

“சாவுக்கா?”

“சாவுக்கு இல்ல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அதுக்கப்பறம் உள்ளதுக்கு. உங்க தெருவுல வந்து பொறந்துடுவேனோன்னு பயமா இருக்கு. அத நெனச்சா சோறு எறங்கல.”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அப்படியானால் எங்கள் வாழ்வு எப்படிப்பட்டது என்று இந்த மனிதருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அரசமரத்தடியில் பேசியபோதும் தெரியும். காரின் பக்கத்தில் கண்ணை மூடி நின்றபோதும் தெரியும். அறியாமை என்று அவருக்காக நான் எங்கோ ஒரு மூலையில் வைத்திருந்த சலுகை அந்த நிமிடத்தோடு தீர்ந்தது.

“பயப்படாதீங்க” என்றேன். “எங்க தெருவுல இப்ப எடம் கெடையாது. வீட்டுக்கு ரெண்டு புள்ளதான். அதுக்கு மேல யாரும் வந்து பொறந்துட முடியாது. ஆபரேஷனுக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் தெளிந்தது. தலையணையிலிருந்து எழ முயன்றார்.

“நெசமாவா?” என்று கேட்டார்.

“நெசந்தான்” என்று சொல்லிவிட்டுப் பையை மூடினேன். எங்கள் தெருவில் ஒருத்திக்குக் காலையிலேயே வலி கண்டிருந்தது. தலைப்பிரசவம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனேன்.