மாணிக்கம் காரின் ஆயில் பம்ப்

போன வாரம் நோட்டன் பிரிட்ஜ் ஏற்றத்தில் என் கார் மானத்தை வாங்கிவிட்டது. ஆயில் மீட்டர் முள் மெல்ல மெல்லச் சரிந்து... படுத்தேவிட்டது. ஆயில் ஏறாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்கிற அளவுக்குப் பள்ளிக்கூட மாஸ்டரான எனக்கும் வண்டி ஞானம் உண்டு. உடனே நிறுத்தி, அந்த வழியாக வந்த ஒரு லொறியில் கட்டி ஹட்டனுக்கு இழுத்து வந்தேன்.

கராஜ் வைத்திருக்கும் ஹனிபா நானா பம்பைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கிவிட்டதாம்.

"தேய்ச்சு மட்டம் பண்ணிப் போடலாம் மாஸ்டர். ஆனா ஏத்தத்துக்கு நம்ப ஏலாது. மாத்துறதுதான் நல்லம்."

மாற்றுவதாம்! புதுச் சாமானுக்கு எங்கே போவது? இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து கொழும்புக் கடைக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். ரிப்பேர் செய்தால் நம்பிக்கை இல்லை, மாற்றலாம் என்றால் சாமான் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

என் கார் மாதிரியே ஹட்டனில் இன்னொன்று உண்டு. மாணிக்கம் வாடகைக்கு ஓட்டிய ஹயரிங் கார். அதே கராஜின் மூலையில் படங்கு போட்டு மூடி நின்றது.

மாணிக்கம் வட்டவளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனுவைத் தள்ளிவிட்டார்கள். அப்பீலும் தோற்றுப்போயிற்று. இந்த வாரம் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் பயணம். ஆனாலும் காரை மட்டும் விற்கவில்லை. யார் கேட்டாலும் "பார்ப்போம், பார்ப்போம்" என்பார். கார் முழுசாக நிற்கும்வரை திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு... பாவம்.

"என் வண்டியில உள்ளதைக் கழட்டிப் போடுங்க நானா."

திரும்பினால், வாசலில் மாணிக்கம்.

"என்ன மாணிக்கம், விளையாடுறீங்களா? நான் தேய்ச்சே போட்டுக்கிறேன். உங்க வண்டி முழுசா இருக்கட்டும்."

"எதுக்குங்க மாஸ்டர்? இனிமே நான் எங்க வரப்போறேன்?"

அதுவரை அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. நானா தலையைக் குனிந்துகொண்டார்.

"எவனாவது வாங்கி அக்கக்காப் பிரிச்சு விப்பான். உங்க வண்டியில போட்டா, இந்த ரோட்டுலயே ஓடும்ல?"

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வாய் ஓயாமல் பேசுகிறவன், அன்றைக்கு நானாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன்.

நானா படங்கை விலக்கினார். கழற்றி முடிக்கும்வரை மாணிக்கம் உள்ளே வரவில்லை. வெளியே ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

நேற்று அவரையும் மனைவி மக்களையும் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போனவன் நான்தான். அவர் வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை நல்ல ஏற்றம். இத்தனை வருஷமாக ஸ்டீயரிங் பிடித்த மனுஷன், பக்கத்து சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு... கண் மட்டும் என் ஆயில் மீட்டரில்.

"முள்ளு நல்லா நிக்குதுங்க மாஸ்டர்."

"நிக்குது மாணிக்கம்."

"அது போதுங்க."

ரயில் கிளம்பியபோது அவர் அழவில்லை. நான் அழுதேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

பம்ப் இப்போது அருமையாக வேலை செய்கிறது. அது சீமையில் செய்து கப்பலில் வந்த சாமான் — அதனிடம் இங்கே யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை.