மாமிக்குக் கலை வந்த காலம்

பஞ்சாமிர்தம்...

கதலிப்பழமும் சர்க்கரையும் தேனும் பித்தளைச் சட்டிக்குள் குழையும் அந்த வாசனை எங்காவது வந்தால் எனக்கு இப்போது வாயூறுவதில்லை. மாமியின் ஞாபகம்தான் வருகிறது.

தெல்லிப்பழைப் பக்கம் எங்கள் ஊர் முருகன் கோயில். கந்தசஷ்டி ஆறு நாளும் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, மிளகும் தண்ணீருமாக விரதம் பிடிப்பார். மற்ற நாட்களில் மாமி பயந்த சுபாவம். வெங்காயத் தோட்டத்தில் குனிந்தால் நிமிரமாட்டார், நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டார்.

ஆறாம் நாள், சூரன்போர் அன்று மட்டும் ஆளே மாறிவிடுவார். வியர்த்துக் கொட்டும். கை நடுங்கும். கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கும், பேச்சுக் குழறும்...

"மாமிக்குக் கலை வந்திட்டுது!"

சனம் சூழ்ந்துவிடும். முருகனே இறங்கி வந்துவிட்டார் என்று விசாவுக்கு நிற்கிறவர்கள், பிள்ளையில்லாதவர்கள் எல்லோரும் வாக்குக் கேட்பார்கள். பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதனை எழுதிய வருடம் நானும் கேட்டேன். "வெள்ளை உடுப்புப் போடுவாய்... போ" என்றார்.

கடைசியில், வந்த முருகனுக்குப் படைப்பதாக நினைத்து, அம்மா பஞ்சாமிர்தத்தை அவர் வாயில் ஊட்டுவார். கொஞ்ச நேரத்தில் கலை இறங்கிவிடும். "என்ன பிள்ளை, நான் ஏதும் கதைச்சனானோ?" என்று மாமி வெட்கப்பட்டுச் சேலையைச் சரிசெய்வார். முகத்தில் ஒரு சந்தோசம் தெரியும்.

வருடம் போகப் போகக் கலை கூடியது. கார்த்திகை விரதத்துக்கும் வந்தது, பிறகு வெள்ளிக்கிழமைகளிலும் வந்தது. "உங்கடை வீட்டிலை முருகன் எல்லோ குடியிருக்கிறார்" என்று ஊர் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? சாப்பிடுங்கோ என்று சொல்ல வேண்டிய நாங்கள் விரதத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள், விரதமும் இல்லை திருவிழாவும் இல்லை, விடிகாலையில் மாமி கிணற்றடியில் விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி அடிமட்டத்தில். நீரிழிவு கிடையாது, சீனிக்கென்று மருந்து, குளிசை ஒன்றும் போட்டவருமில்லை. எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது, உள்ளே பெரிய கட்டி.

புற்றுநோய்தான் என்று வீடே அழுதது. வெட்டி எடுத்த கட்டி எங்கள் லாப்புக்கே வந்தது. ஓம், அதற்குள் நான் வெள்ளைக் கோட் போட்டு நோயியல் லாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பனங்காய் அளவு. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து ஒரு காம்பில் தொங்கியதாம். வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக, இறுக்கமாக, நார் நாராக... அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றியவை என் கைகள்தான்.

டொக்ரர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் கூப்பிட்டார்.

"இஞ்சை வந்து பாரும் பிள்ளை. செல்லுகள் ஒரு ஒழுங்குமில்லாமல் கிடக்குது. உந்த ரத்தக்குழாயளைப் பாரும், மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டிருக்கு."

கொழும்புக்கு அனுப்பிய சாயப் பரிசோதனையில் செல்களின் கருக்கள் மரப்பட்டை மாதிரிக் கபில நிறமாக வந்தபோது பெயர் உறுதியானது. சொலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர். பரவும் குணம் குறைந்த சாதி.

"உதிலை சிலது இன்சுலின் மாதிரி ஒண்டைச் சுரக்கும்," என்றார் டொக்ரர். "வெறுவயித்திலை இருந்தால் சீனி இறங்கிப்போம். ஆள் வேர்த்து, குழறி, தன்னை மறந்து கதைக்கும். இனிப்புக் குடுத்தால் தெளிஞ்சிடும். வீட்டிலை ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?"

ஊரே கவனித்தது, கும்பிட்டுக்கொண்டு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாமிக்கு விளங்கப்படுத்தினேன். கடைசியில் மாமி கேட்டார்.

"அப்ப... வந்தது அவர் இல்லையோ?"



அடுத்த சஷ்டிக்கு நாங்கள் மறித்தும் கேளாமல் விரதம் பிடித்தார். சூரன்போர் அன்று வழக்கமாகக் கலை வரும் இடத்தில், தேர் நிற்கும் தேர்முட்டியடியில் போய் நின்றார். சனமும் வந்து நின்றது. மாமி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்... நின்றார்... ஒன்றும் வரவில்லை. சனம் மெல்லக் கலைந்தது. அம்மா பஞ்சாமிர்தச் சட்டியை நீட்டினார். மாமி வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் சூரன்போருக்குப் போவதில்லை. யாரும் தேடுவதுமில்லை. உயிர் மிஞ்சியதே பெரிய காரியம், எனக்குத் தெரியும். ஆனாலும் லாப்பில் போமலின் மணத்துக்குள் இருக்கும்போது, சனத்தின் நடுவில் நிமிர்ந்து நின்ற அந்தப் பழைய மாமி நினைவுக்கு வருவார். அவரிடமிருந்த ஒரே பெருமையையும் கட்டியோடு சேர்த்து வெட்டிவிட்டோமே என்று மனம் அரிக்கும்.

இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்ப முளைக்கலாம். அதனால் வருடா வருடம் ஸ்கேன். போன கிழமையும் கூட்டிப்போனேன். முன்பு இவருடைய ஒரு சொல்லுக்காக ஊரே காத்து நிற்கும். இப்போது இவர் நம்பர் துண்டைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி மரவாங்கில் இருந்தார்.

"பயப்படாதேங்கோ மாமி, ஒண்டும் இராது" என்றேன்.

மாமி என் கையைப் பிடித்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமல், மெல்லக் கேட்டார்.

"பிள்ளை... கட்டி திரும்ப வந்தால், அவரும் வருவாரோ?"