ஒரு சுருளில் இரண்டு கை

ஒருத்தியின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே அவளிடமிருந்து வேலை கற்றுக்கொள்ள முடியுமா? துணி கட்டும் கினுவே இதை என்னிடம் கேட்டபோது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நகோயாவை ஒட்டிய எங்கள் அரிமட்சு ஊரின் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவளே தன் கதையைச் சொன்னாள்.

கினுவே இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலேயே பொறாமையும் கூடவே குடிவந்துவிட்டது. அவள் ஓரகத்தி மசனோ அடுத்த வீட்டில் இருந்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் துணி கட்டுகிறவர்கள்தான். வெள்ளைப் பருத்தித் துணியை நூலால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தால் அது அவுரி நீலச் சாயத் தொட்டிக்குப் போகும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிரிக்கும்போது நீலத்தில் வெள்ளையாகக் கோலம் தெரியும்.

ஆனால் ஒருத்திக்கு ஒரு கட்டுதான். சின்ன வயதில் எதைப் பழகினாளோ அதையே கடைசிவரை கட்டுவாள். கினுவே பிறந்த வீட்டில் பழகியது வளையக் கட்டு. ஒரு புள்ளிக்கு ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிந்தது. பாவாடை நாடா கட்டத் தெரிந்தவர்களெல்லாம் கட்டலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். மசனோவுடையது சிலந்திக் கட்டு. துணியைக் கொக்கியில் மாட்டி, சுற்றிலும் நுணுக்கமாகக் கொசுவி, அடியிலிருந்து நுனிவரை நூலைச் சுற்றி ஏற்ற வேண்டும். பிரித்தால் சிலந்தி வலை; கொக்கியில் இருந்த நுனிதான் அதன் நடு. துணியில் குறி எதுவும் போட்டிருக்காது. எங்கே மாட்டுவது, எவ்வளவு இடம் விடுவது என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும்.

வீடு வீடாகத் துணி கொடுத்து வாங்கும் தரகர் கஜிதா, மசனோ வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். கினுவே வீட்டில் வாசலோடு சரி.

"என்னம்மா கினுவே, சீக்கிரம் எடுத்து வை. மசனோ வீட்டுல தேத்தண்ணி ஆறிடும்" என்பார்.

மசனோவின் ஒவ்வொரு வலைக்கும் நடுவில் மங்கலாக ஒரு நீல வளையம் இருக்கும். நுனிக்குச் சற்று முன்னால் இரண்டு சுற்றை அவள் தளர்த்தி விடுவதால் வருவது அது. கஜிதா அதை 'மசனோவின் கண்' என்பார். நகோயாவில் அந்தக் கண்ணைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். இறுக்கம் போதாமல் சாயம் கசிவதைப் போய் அழகு என்கிறார்களே என்று கினுவேக்கு வயிறு எரியும்.

கேட்டிருந்தால் மசனோ சொல்லிக் கொடுத்திருப்பாள். கினுவேக்குக் கேட்க வாய் வரவில்லை. முள்ளங்கி ஊறுகாய் கொடுக்கும் சாக்கில் போய் உட்கார்ந்து பார்ப்பாள்.

"என்னடி, என் விரல்ல தேனா வடியுது? இப்படிப் பாக்குறே."

"இல்லக்கா. உங்க நகம் உடைஞ்சிருக்கு, அதைத்தான் பாத்தேன்."

வீட்டுக்கு வந்ததும் கிழிந்த துணியில் கட்டிப் பார்ப்பாள். பிரிப்பாள். மறுபடி கட்டுவாள். கணவன் ரயில் பட்டறைக்குப் போன பிறகுதான் இதெல்லாம். மசனோ மூச்சை எப்போது பிடிக்கிறாள், எந்த இடத்தில் நூலைப் பல்லால் கவ்வுகிறாள் என்பதுவரை கினுவேக்குப் பாடம். ஆசையாய்க் கற்கிறவள் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்வாள். கினுவேயோ குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தாள். அதனால் ஒன்றையும் விடவில்லை. நாளாக ஆக, மசனோவைவிடத் தன் கட்டு இறுக்கம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஒரு குளிர்காலத்தில் மசனோ பூசணிக்காய் நறுக்கும்போது கத்தி வழுக்கி இடது கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. கொசுவுகிற விரல் அது. கொக்கியில் பாதி கட்டிய துணிச்சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. நகோயாவில் ஒரு நாட்டிய ஆசிரியைக்கு, கோடைத் திருவிழாவில் உடுத்துவதற்கு, மசனோவின் கண் வேண்டும் என்று சொல்லி வந்த துணி.

ஒரு சுருளுக்கு ஒரு கை என்பது இந்த ஊர் முறை. இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். கட்டும்போது தெரியாது. சாயத்தில் போட்டு எடுத்தால் பாதித் துணி ஒரு நிறமும் மீதி வேறு நிறமுமாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

மசனோ காயத்துக்குத் துணி சுற்றிய கையோடு, அந்தச் சுருளையும் இடுக்கிக்கொண்டு கினுவே வீட்டு அடுப்படியில் வந்து நின்றாள்.

"நீ திருட்டுத்தனமா கட்டிப் பாக்குறேன்னு எனக்குத் தெரியும்டி. உன் வீட்டுக் குப்பையில நூலு கிடக்குதே, வளையக் கட்டுக்கு எதுக்கு அவ்வளவு நூலு?"

கினுவேக்கு முகம் சுட்டது. "இப்ப அதுக்கு என்னக்கா?"

"மீதியை நீ கட்டு. கஜிதாவுக்குத் தெரியக் கூடாது."

"என் கைன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போகும். தெரியாத மாதிரி கட்டு."

மசனோ போனபிறகு கினுவே சுருளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானே! தன் கையாலேயே கட்டிவிட்டால் என்ன? கசிவில்லாத, கண்ணில்லாத, சுத்தமான வெள்ளை வலை. பிரிக்கும்போது கஜிதா நிமிர்ந்து பார்ப்பார். யார் கட்டியது என்று கேட்பார். வேலை போனாலும் போகட்டும், ஒரு தடவையாவது கேட்பார் இல்லையா?

முதல் வலையை அப்படித்தான் கட்டினாள். கல் மாதிரி நின்றது. பக்கத்தில் மசனோ கட்டிய வலை கொஞ்சம் சாய்ந்து, தளர்ந்து இருந்தது. இரண்டையும் மாறி மாறித் தொட்டாள். இப்படியே விட்டால் வேறொருத்தி துணியைக் கெடுத்துவிட்டாள் என்று மட்டும்தான் கஜிதா சொல்வார். மசனோ மாதிரி கட்ட வராது என்பார். வராதா? அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நூலை அவிழ்த்தாள். மூச்சைப் பிடித்தாள். நூலைப் பல்லால் கவ்வினாள். நுனிக்கு முன்னால் இரண்டு சுற்றைத் தளர்த்தி விட்டாள்.

வசந்தம் பிறந்தபோது சாயம் ஏறிப் பிரித்த துணியை கஜிதாவே எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கமாகக் கட்டியவர்கள் பிரித்த துணியைப் பார்ப்பதே இல்லை. மசனோ வீட்டுக் கூடத்தில் விரித்துப் போட்டார். அன்றைக்குக் கினுவேயும் ஊறுகாயோடு அங்கே இருந்தாள்.

"பாருங்கம்மா! ஒரு கண்ணு தப்பலை. கினுவே, நல்லா பாத்துக்கோ. இதெல்லாம் பிறவிக் கை. உனக்கெல்லாம் வராது."

கினுவே மசனோவைப் பார்த்தாள். மசனோ தழும்பேறிய விரலை மறு கையால் மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தினாள். "ஏதோ உங்க தயவு" என்றாள். அவ்வளவுதான்.

நெஞ்சில் தீ வைத்த மாதிரி இருந்தது என்று கினுவே என்னிடம் சொன்னாள். தான் கட்டிய வலைகள் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்ததாம். அவற்றுக்குக் கிடைத்த பாராட்டு அவளுக்குக் கிடைக்கவில்லையே.

கஜிதா எதிர்வீட்டுக்குப் போனதும் மசனோ மண்டியிட்டுத் துணியைக் கையால் தடவிக்கொண்டே போனாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. மறுபடி திரும்பி வந்தாள். அவள் உதடு இறுகியது.

"எங்கடி ஆரம்பிச்சே?"

கினுவேக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். அவள் மனசுக்குள் அத்தனை வருடமும் பேசிய பொறாமையின் குரல்தான் அது.

"உங்களுக்கே தெரியலையாக்கா?"

"சொல்லுடி."

"தேடுங்க" என்று சொல்லிவிட்டுக் கினுவே ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கஜிதா திரும்பி வந்து துணியைச் சுருட்டிக்கொண்டு போகும்வரை மசனோ தேடினாளாம். அன்றிலிருந்து ஊறுகாய் வாங்க அவள் கதவைத் திறப்பதில்லை. கினுவே கட்டியதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதுமில்லை. கினுவே இன்றும் கூலிக்கு வளையக் கட்டுதான் கட்டுகிறாள்.

நகோயாவில் அந்த உடையைப் பார்க்கிறவர்கள் இப்போதும் மசனோவின் பெயரைத்தான் சொல்கிறார்கள். எங்கே ஆரம்பித்தாள் என்று கினுவே என்னிடமும் சொல்லவில்லை. ஆனால் பாதி அவள் கட்டியது. அதைத் துணி சொல்லாது. அதனால் இதைப் படித்தவர்கள், அவள் பெயரோடு, இன்னொருவரிடமாவது சொல்லுங்கள்.